டைட்டானியம் ரோடு பைக்: கோத்தகிரி இறக்கத்துக்குப் பழைய ஃப்ரேமா, புது ஃப்ரேமா?

அரவேணு_58 கேட்டது:

வணக்கம். இரண்டு டைட்டானியம் ஃப்ரேம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று செகண்ட் ஹேண்ட்: ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிப்பது), டவுன் டியூப் (ஹேண்டில் பக்கத்திலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய்) 35 மிமீ, 58 செமீ சைஸ், 25 மிமீ டயருக்கு மேல் நுழையாது. இன்னொன்று புதுசு: டிஸ்க் பிரேக், டவுன் டியூப் 44 மிமீ, 32 மிமீ டயர் வரை போகும், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் எடை 72 கிலோ. ஓட்டம் எல்லாம் மேட்டுப்பாளையம்–கோத்தகிரி, கட்டபெட்டு வழியாக ஊட்டி, எப்போதாவது குன்னூர்–பர்லியாறு. பழசில்தான் அசல் டைட்டானியம் மெத்து கிடைக்கும், புதுசு கார்பன் மாதிரி விறைப்பு என்கிறார்கள். சரியா? பழசை எடுத்தால் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

கட்டபெட்டு காற்று:

அந்த 'மெத்து' பேச்சில் பாதிக்கு மேல் டயரும் சீட் போஸ்ட்டும் (சீட்டைத் தாங்கும் குழாய்) செய்கிற வேலை. டைட்டானியத்தின் யங் குணகம் (உலோகத்தின் விறைப்பு அளவு) 105–110 ஜிகாபாஸ்கல். எஃகுக்கு 200 சொச்சம், அலுமினியத்துக்கு 70. அதாவது ஒரே அளவுக் குழாயில் டைட்டானியம் எஃகைப் போல இரண்டு மடங்கு நெளியும். ஆனால் ஒரே அளவுக் குழாயில் யாரும் செய்வதில்லை. விறைப்பு சுவர்க் கனத்தோடு நேராக ஏறும், விட்டத்தோடு மும்மடியாக ஏறும். 31.8 மிமீ விட்டம், 0.6 மிமீ சுவர் உள்ள எஃகுக் குழாயின் விறைப்பு வேண்டுமென்றால் 0.9 சுவர் டைட்டானியத்தில் 34–35 மிமீ போதும். உங்கள் பழைய ஃப்ரேம் சரியாக அந்தக் கணக்கு. அதே சுவரில் 44 மிமீ போட்டால் இரண்டு மடங்கு விறைப்பு. 1970-களில் வந்த டெலிடைன் டைட்டன் கலப்பில்லாத டைட்டானியத்தில் செய்தது, நெளிவுக்குப் பேர்போனது. இப்போது வருவது பெரும்பாலும் 3 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வனேடியம் கலந்த கிரேடு 9.

நெளிவு எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம். முக்கோண ஃப்ரேம் மேலும் கீழும் அசைவது மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் முறுக்கிக்கொள்ளும். குழியில் இடுப்பைக் காப்பது வெளியே நீண்டு நிற்கிற 27.2 மிமீ சீட் போஸ்ட்டும் டயரும். கைக்கு வருகிற அதிர்வைக் குறைப்பது கார்பன் ஃபோர்க். அதில் டைட்டானியத்துக்குப் பங்கே இல்லை! 72 கிலோவுக்கு 25 டயரில் 85 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டும், 30 டயரில் முன்னால் 58, பின்னால் 62 போதும். குஞ்சப்பனைக்கு மேல் ஒட்டுப்போட்ட தாரில் இந்த வித்தியாசம் எந்த ஃப்ரேம் வித்தியாசத்தையும் தின்றுவிடும்.

இன்னொன்று, 58 சைஸில் 35 மிமீ டவுன் டியூப் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். நீளமான முன் முக்கோணம், மெல்லிய குழாய், 50–60 கிமீ வேகம்: ஹேண்டில் நடுங்க ஆரம்பிக்கும். நடுங்கினால் பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அது இன்னும் கூட்டும். ஒரு முழங்காலை டாப் டியூபில் அழுத்தி, பின் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) லூஸாக இருந்தாலும் இதே கோளாறு வரும், அதை முதலில் பாருங்கள்.

லவ்டேல் ரோடி:

மேலே சொன்னது சரி, ஆனால் ஏற்றத்தில் பழைய ஃப்ரேம் சோடை போகாது. நெளிந்தால் மிதிக்கிற சக்தி வீணாகிறது என்பது ஊதிப் பெருக்கிய பேச்சு. நெளிந்தது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். எழுந்து மிதிக்கும்போது செயின் முன் டிரெய்லியரில் (செயினை முன் பற்சக்கரங்களுக்கு இடையே மாற்றும் கூண்டு) உரசும், அதைக் கொஞ்சம் நகர்த்தி டிரிம் பண்ணிக்கொண்டால் தீர்ந்தது. கியர்தான் முக்கியம்: 34 பல் முன்னால், 34 பல் பின்னால், நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் 7.5 கிமீ வேகம். அதற்கும் கீழே தேவைப்படுகிற இடம் கல்லட்டி மாதிரி ரோடு மட்டும்தான்.

இறக்கத்தில் நான் புதுசு பக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம். ஆளும் வண்டியும் 82 கிலோ என்றால் 1.1 மெகாஜூலுக்கு மேல் எங்கேயாவது போயாக வேண்டும்; காற்று தின்றது போக மிச்சம் ரிம்மில் சூடாக. கார்பன் ரிம் இந்த ரோட்டுக்கு வேண்டவே வேண்டாம். அலுமினிய ரிம் என்றாலும் ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மண் சேறு பிரேக் பேடில் அரைத்து, பிரேக் படும் சுவர் உட்குழிந்துவிடும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ரிம் முடிந்தது. டிஸ்க்கில் 160 மிமீ ரோட்டர் (பிரேக் தட்டு), மெட்டல் பேட். தொடர்ந்து உரசவிடாமல், கொண்டை ஊசிக்கு முன்னால் அழுத்திப் பிடித்து விட்டுவிட வேண்டும்.

ஆர்கான்:

பழசை எடுப்பதானால் பார்க்க வேண்டிய இடங்கள். முதலில் வெல்டின் நிறம். வெள்ளி நிறம், லேசான வைக்கோல் மஞ்சள் என்றால் நல்லது. அடர் நீலம், சாம்பல், சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி தெரிந்தால் சூடாக இருக்கும்போது ஆர்கான் வாயுக் காப்பு போதவில்லை, ஆக்சிஜன் உள்ளே போய் உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பாலிஷ் போட்டு நிறத்தை மறைத்திருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள்.

விரிசல் வெல்டிலேயே வருவது குறைவு, பெரும்பாலும் வெல்டை ஒட்டிய ஓரத்தில் வரும். ஹெட் டியூபுக்குப் பின்னால் டவுன் டியூபின் அடிப்பக்கம், பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு உட்காரும் இடம்) ஒட்டிய செயின்ஸ்டே (அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்), சீட் போஸ்ட்டை இறுக்க சீட் டியூபின் மேல்முனையில் விட்டிருக்கும் வெட்டின் அடிமுனை. கோயம்புத்தூரில் வெல்டிங் சாமான் விற்கிற கடையில் டை பெனிட்ரன்ட் ஸ்ப்ரே (விரிசலைக் காட்டும் சாயம்) கிடைக்கும். கிரீஸ் இல்லாமல் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, 10 நிமிடம் விடுங்கள். கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். நேராக ஃப்ரேமில் அடித்தால் விரிசலுக்குள் இருக்கிற சாயமும் கழுவிப்போகும். பிறகு வெள்ளை டெவலப்பர். விரிசல் இருந்தால் மயிரிழை மாதிரி சிவப்புக்கோடு எழும். கோடு வந்தால் வாங்காதீர்கள். கேட் கிரில் வெல்ட் வைக்கிற பட்டறையில் இதைத் திரும்ப ஒட்ட முடியாது, குழாய்க்குள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும்.

பாட்டம் பிராக்கெட் மரை எந்த ஃப்ரேமானாலும்: டைட்டானியத்தில் உலர்ந்த மரை ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். காப்பர் ஆன்டி-சீஸ் (மரை கடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவி, கையால் முழுக்கத் திருகி, கடைசியில்தான் ஸ்பேனர்.

அரவேணு_58:

நன்றி அண்ணா. பழைய ஃப்ரேமில் அலுமினிய சீட் போஸ்ட் அசையவே மாட்டேன் என்கிறது. விற்பவர் ஹீட் கன் காட்டினால் வந்துவிடும் என்கிறார்.

ஆர்கான்:

காட்டவே காட்டாதீர்கள். சூட்டில் அலுமினியம் டைட்டானியத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் விரியும், இன்னும் இறுகும். குளிர வைக்க வேண்டும். ஃப்ரேமைத் தலைகீழாக மாட்டி பாட்டம் பிராக்கெட் வழியாக ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் போஸ்ட்டுக்குள் ஐஸ் நிரப்பி, பழைய சேடிலை மாட்டி முறுக்குங்கள். கிளாம்ப் போல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான். இதெல்லாம் விற்பவர் வீட்டில், காசு கொடுப்பதற்கு முன்னால்.