எடைக்குறைப்பு ஊசி: யாருக்குக் காப்பீடு கிடைத்தது, யார் கைக்காசு போட்டீர்கள்?

பகல்நிலா

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது வந்த கடிதம் இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது. எடை குறைக்கும் மருந்துகளுக்கு என் பாலிசியில் இடமில்லையாம். மொத்தம் ஒரே வரி. நான் அனுப்பியது பதினொரு பக்கம்.

எனக்கு வயது 43, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் அளவு) 38. ரத்த அழுத்தம் இருக்கிறது. படிக்கட்டு ஏறினால் இரண்டு முழங்காலும் வலிக்கும். இருபது வருடத்தில் எடையை எத்தனை முறை இறக்கினேனோ அத்தனை முறை அது திரும்ப ஏறியது. பசியை அடக்கி எடையைக் குறைக்கும் செமாக்ளூட்டைடு ஊசியை டாக்டர் எழுதிக் கொடுத்தார். காப்பீடு எப்படியும் வந்துவிடும் என்று நம்பி முதல் பேனாவை (நாலு ஊசிக்கு மருந்து அடைத்த பேனா) கைக்காசில் வாங்கிவிட்டேன். வாரம் ஒரு ஊசி, 0.25 மில்லிகிராம். நாலும் போட்டாயிற்று.

எடை பெரிதாக இறங்கவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அடுத்து என்ன சாப்பிடலாம் என்று நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்த அந்த நினைப்பு அடங்கிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கிறார்களா என்று நினைத்து அன்றைக்கு அழுதுவிட்டேன்.

இப்போது அடுத்த பேனா வாங்க வேண்டும். "வாங்கு, பார்த்துக்கலாம்" என்கிறார் என் கணவர். எத்தனை மாதத்துக்குப் பார்த்துக்கொள்வது? அனுபவப்பட்டவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

பழையகோப்பு

சகோதரி, ஆறு வருடம் நான் இருந்தது கடிதம் அனுப்பும் பக்கத்தில். க்ளெய்ம் படித்துப் பார்க்கும் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நிராகரிப்பில் இரண்டு வகை உண்டு, வந்திருப்பது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். "மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை" என்று வந்தால் கதவு சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை. சான்றுகளோடு மேல்முறையீடு செய்தால் திறக்க வாய்ப்பு உண்டு. "பாலிசியில் விலக்கு" என்று வந்தால் எத்தனை பக்கம் அனுப்பினாலும் படிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது, ஒப்பந்தத்திலேயே எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். உங்களுக்கு வந்தது இரண்டாவது மாதிரி தெரிகிறது. வேலை செய்யும் இடம் மூலமாக வந்த குழுக் காப்பீடு என்றால் ஹெச்ஆரிடம் கேளுங்கள். அந்த விலக்கைச் சேர்ப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் நிர்வாகம் எடுக்கும் முடிவு. பாலிசி புதுப்பிக்கும் காலத்துக்கு முன்னால் நாலு பேர் எழுத்தில் கேட்டால் அது பேச்சுக்காவது வரும்.

முதல் வகைக்காரர்களுக்கு: காரணம் எழுதும் இடத்தில் "எடை குறைக்க" என்று மட்டும் போட்டு எத்தனையோ டாக்டர்கள் அனுப்புவார்கள். அது அழகுக்காகக் கேட்பது போலப் படிக்கப்படும். உடல்பருமன் என்று நோயின் பெயரை எழுத வேண்டும். அதோடு ரத்த அழுத்தம், மூட்டு, கல்லீரல் என்று எது உண்டோ அதன் பரிசோதனை முடிவு வேண்டும். எந்த மாதம் எத்தனை கிலோ, என்ன முயற்சி செய்தீர்கள், எவ்வளவு நாள், தேதியோடு. பொதுவாகப் பார்க்கும் அளவுகோல் பிஎம்ஐ 30, அல்லது 27-உடன் கூடவே ஒரு நோய். மேல்முறையீட்டுக் கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று கடிதத்திலேயே பாருங்கள். அதைத் தவறவிட்டு நல்ல கேஸ்கள் செத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஓசெம்பிக், வெகோவி இரண்டும் செமாக்ளூட்டைடுதான். ஆனால் ஓசெம்பிக் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது, அதனால் காப்பீடு சுலபம். அதற்காக இல்லாத சர்க்கரை நோயை எழுதச் சொல்லி டாக்டரைக் கெஞ்சாதீர்கள். அது உங்கள் மருத்துவப் பதிவில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த பாலிசி எடுக்கும்போது எதிரே வந்து நிற்கும்.

குழாயடி

நான் நிறுத்தினவ. அதனால இதை நீங்க கேட்டே ஆகணும்.

டிர்செப்படைடு எடுத்தேன், அதுவும் வாரம் ஒரு தடவை போடற எடைக்குறைப்பு ஊசிதான். 2.5ல ஆரம்பிச்சு 10 மில்லிகிராம் வரைக்கும் போனேன். பதினாலு மாசம். 97 கிலோ 76 ஆச்சு. முழுக்க முழுக்க கைக்காசு. டோஸ் ஏற ஏற எங்களுக்கு விலையும் ஏறுச்சு. முதல் மாச விலையை வெச்சு வருஷத்துக்குக் கணக்கு போட்டிருந்தேன், அங்கதான் தப்பு.

அப்புறம் வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. டாக்டர்கிட்ட சொல்லாம நானே ஏழு நாளைப் பத்து நாளாக்கினேன், பத்தைப் பதினஞ்சாக்கினேன். கடைசிப் பேனாவை ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்துப் பார்ப்பேன், திருப்பி வெச்சிடுவேன். ரெண்டு மாசம் ஒண்ணுமே போடல. பிறகு ஒருநாள் மனசு கேக்காம மிச்சமிருந்த 10-ஐ அப்படியே போட்டுக்கிட்டேன். ராத்திரி பூரா வாந்தி, மறுநாள் ட்ரிப்ஸ். "இவ்வளவு நாள் விட்டுட்டா மறுபடி கீழ இருந்துதாம்மா ஏறணும்"னு டாக்டர் சொன்னாரு. கீழ இருந்து ஏற என்கிட்ட காசு இல்ல.

பசி திரும்பி வந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. சாயங்காலம் சாப்பிட்டு முடிச்சு தட்டைக் கழுவிக்கிட்டிருக்கேன். வயிறு நிறைஞ்சிருக்கு, கை இன்னும் தண்ணியில இருக்கு, ஆனா பசிக்குது. குழாயை மூடிட்டு அப்படியே நின்னுட்டேன்.

இப்ப நிறுத்தி ஒரு வருஷம். 13 கிலோ திரும்ப வந்தாச்சு. என் மனசுக்கு உறுதி பத்தலன்னு என்னையே ரொம்ப நாள் திட்டிக்கிட்டேன். 2022ல வந்த செமாக்ளூட்டைடு ஆய்வைப் பத்தி என் டாக்டர்தான் எடுத்துச் சொன்னாரு. ஊசியை நிறுத்தி ஒரு வருஷத்துல, குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்திருக்கு, சராசரியா. என் மருந்து வேற, ஆனா என் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். பிரஷர் மாத்திரைய நிறுத்தினா பிரஷர் ஏறும். அதுக்கு யாரும் நம்மளைத் திட்டறதில்லையே.

அக்கா, ரெண்டாவது பேனா வாங்கறதுக்கு முன்னாடி இருபதாவது பேனாவை யார் வாங்கித் தருவாங்கன்னு யோசிங்க. எனக்கு யாரும் இதைச் சொல்லல.

இரவுப்பணி

பகல்நிலா, நீங்கள் குறட்டை விடுவீர்களா? காரணமாகத்தான் கேட்கிறேன்.

என் மனுவும் முதலில் விலக்கு என்றே திரும்பி வந்தது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருவதை என் மனைவி பல நாள் கவனித்திருக்கிறார். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை என்று வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ, உடல்பருமன் உள்ளவர்களுக்கு வரும் மிதமான, கடுமையான தூக்க மூச்சுத்திணறலுக்கு டிர்செப்படைடை அனுமதித்தது. டாக்டர் அந்த நோய்க்காகவே புதிதாக மனு போட்டார். எடை என்ற சொல்லுக்கு மறுத்தவர்கள் மூச்சு என்ற சொல்லுக்குக் கொடுத்தார்கள். எல்லாக் காப்பீட்டிலும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இதய நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. 17,604 பேரை வைத்து நடந்த ஆய்வில் செமாக்ளூட்டைடு எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தது. அதை வைத்து 2024 மார்ச்சில் அந்த நோயாளிகளுக்கும் அனுமதி வந்தது. உங்களுக்கு வேறு என்ன நோய் இருக்கிறது என்று முழுசாகத் தேடிப் பாருங்கள். இல்லாததைச் சொல்ல வேண்டாம், இருப்பதைத் தெரியாமல் விட்டுவிடவும் வேண்டாம்.

மூன்றாம்மாடி

எனக்குக் காப்பீடு கிடைத்தது. கிடைத்த பிறகு வந்த சிக்கலைச் சொல்கிறேன்.

ஒரு வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது நிராகரித்துவிட்டார்கள். காரணம், என் பிஎம்ஐ 28-க்கு வந்துவிட்டது, இனி தேவையில்லையாம். மருந்து வேலை செய்ததையே மருந்தை நிறுத்தக் காரணமாக்கினார்கள். ஆரம்ப நாளில் எடுத்த எடையை, தேதியும் மருத்துவமனை முத்திரையும் உள்ள தாளோடு, என் டாக்டர் மறுபடி அனுப்பிய பிறகுதான் சரியானது. நடுவில் மூன்று ஊசி போயிற்று. இன்னும் பல இடங்களில் குறைந்தது 5 சதவீதம் குறைந்திருந்தால்தான் தொடர்வார்கள். அதற்கும் அந்த முதல் எடைதான் ஆதாரம். முதல் ஊசி அன்று எடுத்த எடையை ஒரு தாளில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மருந்துச்சீட்டு

நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பாதி விலை என்று இணையத்தில் வருவதை வாங்காதீர்கள். போலி செமாக்ளூட்டைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. போன மாதம் ஒருவர் ஒரு பேனாவைக் கொண்டுவந்து சரியா என்று கேட்டார். சாதாரண அட்டைப் பெட்டியில், ஐஸ் பை இல்லாமல், நாலு நாள் பயணம் செய்து வந்திருக்கிறது. திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். லேபிளில் இருந்த எழுத்து விரல் பட்டதும் கலைந்தது. அவர் அதில் ஏற்கெனவே இரண்டு ஊசி போட்டிருந்தார்.

அரைப்படி

இரண்டு வருடமாகக் கைக்காசில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். குழாயடி சொன்னதை எனக்கு ஆரம்பத்திலேயே ஒருவர் சொன்னார், அதனால் தப்பித்தேன்.

முதல் ஊசிக்கு முன்னால் நானும் என் மனைவியும் உட்கார்ந்து, உச்ச டோஸின் விலையை 24 மாதத்தால் பெருக்கினோம். செமாக்ளூட்டைடுக்கு வந்த தொகை எங்களால் முடியாத தொகை. அதனால் டாக்டரிடம் வெட்கப்படாமல் "மாதம் இவ்வளவுதான் முடியும், இதற்குள் என்ன இருக்கிறது" என்று கேட்டேன். அவர் லிராக்ளூட்டைடு எழுதினார். பழைய மருந்து, தினமும் ஊசி. 2015-இல் வந்த ஆய்வில் 56 வாரத்தில் சராசரி 8 சதவீதம் குறைந்தது. செமாக்ளூட்டைடு ஆய்வில் 68 வாரத்தில் கிட்டத்தட்ட 15. வித்தியாசம் பெரியதுதான். எனக்கு 9 கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு நாளும் விடாமல் போட முடிகிறது. சர்க்கரை எல்லைக்கு உள்ளே வந்துவிட்டது. என்னால் தொடர முடிகிற மருந்துதான் எனக்கு நல்ல மருந்து என்று அன்று முடிவு செய்தோம். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பகல்நிலா

எல்லோருக்கும் நன்றி. குழாயடி, உங்கள் பதிவைக் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தட்டு கழுவும் இடம் வந்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை, அவர் வாங்கிப் படித்தார். பிறகு நோட்டை எடுத்து இரண்டு பேரும் பெருக்கிப் பார்த்தோம். உச்ச டோஸ் என்றால் எங்களால் ஏழு மாதம்தான் முடியும்.

ஹெச்ஆருக்கு எழுதிவிட்டேன். விலக்கு அவர்கள் எடுத்த முடிவுதான், பழையகோப்பு சொன்னது சரி. புதுப்பிக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. என்னோடு இன்னும் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் ஒரு வருடமாகக் கைக்காசு போட்டுக்கொண்டிருப்பவர்.

இரவுப்பணி, குறட்டை உண்டு. கணவரிடம் கேட்டதற்கு, நடுவில் திடீரென்று சத்தம் நின்றுவிடும், பயந்து தட்டி எழுப்பியிருக்கிறேன் என்கிறார். இத்தனை நாள் அதை ஒரு நோயாக இரண்டு பேருமே நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கப் பரிசோதனை. அதுவரை இரண்டாவது பேனா வாங்கவில்லை, டாக்டருக்கும் சொல்லிவிட்டேன். முதல் ஊசி அன்று எடுத்த எடையை முத்திரையோடு இன்று காலை வாங்கி வந்தேன். 101.4.