ஆன்சிபிள் ஃபேக்ட்ஸை வைத்து சர்வர் பட்டியல்: மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறது

நள்ளிரவு_ஷிஃப்ட்:
உபுண்டுவும் ராக்கி லினக்ஸுமாக 120 சர்வர்கள். பாதி விர்ச்சுவல், மீதி ரேக்கில் இருப்பவை. விவரமெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில். ரேம் கூட்டினாலும் ஐபி மாறினாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. அதனால் தினமும் இரவில் ஆன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து கையாளும் கருவி) ஓட்டி, ஒவ்வொரு சர்வரிலிருந்தும் அது திரட்டும் விவரங்களை, அதாவது ஃபேக்ட்ஸை, வைத்து சர்வருக்கு ஒரு மார்க்டவுன் பக்கமும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முகப்புப் பட்டியலும் எழுதி, ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் போடுகிறேன்.

சீரியல் எண் எல்லாவற்றுக்கும் 'என்ஏ' என்றே வருகிறது. ஒரு சர்வர் படுத்தாலும் முகப்புப் பட்டியல் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு இல்லை) எரரோடு நின்றுவிடுகிறது. ஒன்றுமே மாறாத நாளிலும் 120 ஃபைலும் கமிட் ஆகின்றன. என்ன செய்யலாம்?

ரூட்_வாசல்:
சீரியல் எண்ணும் யுயுஐடியும் (மெஷினின் தனி அடையாள எண்) இருக்கும் டிஎம்ஐ ஃபைல்களை (ஹார்டுவேர் விவரம் உள்ளவை) ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள யூசர், மட்டும்தான் படிக்க முடியும். ஃபேக்ட்ஸைத் திரட்டும் செட்அப் டாஸ்க்குக்கு, ரூட்டாக ஓட வைக்கும் பிகம் கொடுங்கள். பிளே (டாஸ்க்குகளின் தொகுப்பு) முழுவதற்கும் கொடுக்காதீர்கள்: லோக்கல்ஹோஸ்டுக்கு (ஆன்சிபிள் ஓடும் மெஷினுக்கே) டெலிகேட் செய்த, பக்கங்களை எழுதும் டெம்ப்ளேட் டாஸ்க்கும் ரூட்டாக ஓடி, பக்கங்கள் ரூட் பெயரில் விழும், அப்புறம் கிட் முரண்டு பிடிக்கும். கேவிஎம் விர்ச்சுவல் மெஷின்களில் பிகம் கொடுத்தும் சீரியல் வராமல் போகலாம். அவற்றுக்கு யுயுஐடியே போதும்.

படுத்த சர்வருக்கு ஃபேக்ட் கேஷிங்தான் (எடுத்த ஃபேக்ட்ஸைச் சேமித்து வைப்பது) வழி. ஜேசன்ஃபைல் பிளக்இன் போட்டால் ஹோஸ்டுக்கு (சர்வருக்கு) ஒரு ஃபைலாக டிஸ்க்கில் இருக்கும்; இன்று எட்டாத சர்வருக்குப் பழைய விவரம் கிடைக்கும். கேஷ் காலாவதியாகும் டைம்அவுட் டிஃபால்ட் 86400 வினாடி, அதாவது ஒரே நாள். தினசரி ஓட்டத்துக்கு அது விளிம்பில் நிற்கும், ஒரு வாரமாக்குங்கள். கேஷிலும் இல்லாத புது ஹோஸ்ட் வந்தால் டெம்ப்ளேட் மறுபடி நிற்கும், அதனால் மதிப்பு இல்லாத இடத்தில் மாற்று மதிப்பு போடும் 'டிஃபால்ட்' ஃபில்டரும் வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஃபேக்ட்ஸை எப்போது எடுப்பது என்று சொல்லும் கேதரிங் அமைப்பு 'ஸ்மார்ட்' என்றிருந்தால், கேஷில் இருக்கும் ஹோஸ்டிடம் ஆன்சிபிள் மறுபடி கேட்காது. நேற்று ரேம் கூட்டியிருந்தாலும் பக்கத்தில் பழைய அளவுதான். பிளே தொடங்கும்போது தானாக ஃபேக்ட்ஸ் எடுக்கும் கேதர் ஃபேக்ட்ஸை நிறுத்திவிட்டு, செட்அப்பை முதல் டாஸ்க்காக நீங்களே எழுதினால் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கும்.

யாம்ல்_இடைவெளி:
கமிட் குப்பைக்குக் காரணம் டெம்ப்ளேட்டில் இருக்கும் ஓடும் எண்கள். தேதி, அப்டைம், காலி மெமரி, டிஸ்க்கில் மீதி இடம், நான்கையும் எடுத்துவிடுங்கள். அவை மானிட்டரிங்கில் இருக்க வேண்டியவை. மொத்த மெமரியும் கெர்னல் அப்டேட்டுக்குப் பின் சில எம்பி ஆடும். ஜிபியாக ரவுண்ட் செய்யுங்கள். ஐபி, இன்டர்ஃபேஸ் பட்டியல்களுக்கு, வரிசை மாறாமல் இருக்க 'சார்ட்' ஃபில்டர் கட்டாயம். டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) ஓடும் சர்வரில் 'வெத்' என்று தொடங்கும் தற்காலிக நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களை விலக்காவிட்டால் கன்டெய்னர் ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் டிஃப் வரும்.

ஃபேக்ட்ஸை அப்படியே பக்கத்தில் கொட்டவும் வேண்டாம். அதில் என்விரான்மென்ட் வேரியபிள்களும் இருக்கும், டோக்கன் ஏதாவது கிட்டுக்குள் போய்விடும். வேண்டிய புலங்களை மட்டும் பெயர் சொல்லி எடுங்கள்.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
மூன்றும் சரியாகிவிட்டன, நன்றி. சர்வர் யார் பொறுப்பு, எந்த ரேக், வாரண்டி எப்போது முடியும், இவற்றை எங்கே வைப்பது? கழற்றிய சர்வரின் பக்கமும் அப்படியே கிடக்கிறது.

ரூட்_வாசல்:
மனிதர் முடிவு செய்வதெல்லாம் ஹோஸ்ட்_வார்ஸில் (சர்வருக்கு ஒன்றாக நாமே எழுதும் வேரியபிள் ஃபைல்). மெஷினுக்கே தெரிந்தது, உதாரணமாக சர்டிஃபிகேட் காலாவதித் தேதி, லோக்கல் ஃபேக்டில்: ஃபேக்ட்ஸ்.டி ஃபோல்டரில் ஜேசன் கக்கும் ஒரு ஸ்கிரிப்ட். எக்ஸிக்யூட் பர்மிஷன் மறந்தால் ஸ்கிரிப்டை ஓட்டாமல் அதன் வரிகளையே தரவாகப் படிக்கப் பார்க்கும்.

பழைய பக்கங்களுக்காக ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு எழுதாதீர்கள், அன்று எட்டாத சர்வரின் பக்கமும் போய்விடும். இன்வென்டரியில் (ஆன்சிபிளின் சர்வர் பட்டியல்) பெயர் இல்லாத ஃபைல்களை மட்டும் அழியுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை சர்வரில் ஓடும் என்பதைச் சொல்லும் ஃபோர்க்ஸ் டிஃபால்ட் 5 தான். 120 சர்வருக்கு 25 வைத்துப் பாருங்கள். செத்த என்எஃப்எஸ் மவுண்ட் (நெட்வொர்க் வழியாக இணைத்த, இப்போது பதில் தராத டிஸ்க்) உள்ள சர்வரில் செட்அப் தொங்கும். மவுண்ட்களைப் பார்க்கும் ஹார்டுவேர் சப்செட்டை (ஃபேக்ட்ஸின் ஒரு பிரிவு) விலக்கினால் ரேமும் சீரியலும் சேர்ந்து போய்விடும், அதற்குப் பதில் அந்த டாஸ்க்குக்கு 60 வினாடி டைம்அவுட் கொடுங்கள்.