மறு: ‘பைகட்ச்’: பறவைக்கு எந்தச் சொல்?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு மீனுக்குப் போட்ட தூண்டிலிலோ வலையிலோ குறிவைக்காத வேறு உயிர் மாட்டுவதுதான் ‘பைகட்ச்’ (bycatch). அதற்கு, அதிலும் பறவை மாட்டுவதற்கு, நம் பாடக்குறிப்பில் எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்பதே நம் கேள்வி. வியாழன் காலை குறிப்பைப் பிரதி எடுக்கக் கொடுக்க வேண்டும். மடல்கள் முப்பதைத் தாண்டிவிட்டன, சொல் இன்னும் அமையவில்லை. அதனால் அட்டனில் என் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டே பதில் எழுதுகிறேன்.

நெடுந்தூண்டில் கப்பல் கிலோமீட்டர் கணக்கில் தாய்க்கயிற்றைக் கடலில் விடுகிறது. அதிலிருந்து தொங்கும் கிளைக்கயிறு ஒவ்வொன்றின் நுனியிலும் இரை குத்திய கொக்கி. இரை தாழ்வதற்குள் அல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவை பாய்ந்து கவ்வுகிறது. கொக்கி அலகில் ஏறிவிடும். கயிறு இறங்க இறங்கப் பறவையும் கூடவே இறங்கி, மூச்சுமுட்டிச் சாகிறது. 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி ஆண்டுக்குக் குறைந்தது 160,000 கடற்பறவைகள் இப்படிப் போகின்றன. பெரிய அல்பட்ரோஸ் இனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். போனதை ஈடுகட்ட அவற்றால் முடியாது.

இதைச் சொன்னதும் கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “டீச்சர், அப்ப இது பன்றிக்குக் கட்டுற கம்பி மாதிரியா?” 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் கருஞ்சிறுத்தை மாட்டி, சில நாளில் செத்துப்போனதைத்தான் சொன்னாள். நான் அரை மணி நேரம் விளக்கியதை அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். கம்பி கட்டியவர் சிறுத்தையை நினைக்கவில்லை. ஆனால் கம்பியைக் கட்டியது அவர்தான். நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும்.

பண்டாரவளை ஐயா முன்வைத்த ‘உடன்பிடிப்பு’ தெளிவான சொல், மறுக்கவில்லை. ஆனால் பிடிப்பு என்றால் பிடிக்க நினைத்தவர் ஒருவர் உண்டு என்றாகிறதே ஐயா? ‘தூண்டு’ என்ற வினையிலிருந்து தூண்டிலுக்கும், அங்கிருந்து உயிரியலில் stimulus என்கிற தூண்டலுக்கும் நீங்கள் எழுதிய மூன்று மடல்களையும் படித்தேன். குறுந்தொகை 54ஐ நீங்கள் நினைவூட்டியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில், மீனைத் தூக்கும் தூண்டில்போல் நிமிர்கிறது. மலைநாட்டுப் பாட்டுக்கு மீன்பிடிக் காட்சி உவமையாக வந்ததும், புலவருக்கே மீனெறி தூண்டிலார் என்று பெயர் நிலைத்ததும் வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனாலும் ஐயா, நம் கேள்வி தூண்டிலைப் பற்றியதல்ல, அதில் மாட்டியதைப் பற்றியது.

மன்னார் அண்ணன் போகிற போக்கில் ‘இந்தக் கிழமை மீன்பாடு குறைவு’ என்று எழுதியிருந்தார். வலையில் பட்ட மீனின் அளவைத்தான் மீன்பாடு என்கிறார். எனக்கு அதில்தான் வழி தெரிந்தது. படு, பாடு: முதனிலை திரிந்த தொழிற்பெயர். வலையில் படுவதும் பாடு, வேதனையும் பாடு. ‘உடன்பாடு’ வேறு பொருளுக்குப் போய்விட்டது, ‘புறப்பாடு’ம் அப்படியே. அப்படியென்றால் மீன்பாட்டுக்குப் பக்கத்தில் வீண்பாடு. கரும்பலகையில் இரண்டையும் எழுதினேன். விளக்கம் யாருமே கேட்கவில்லை.

அண்ணனின் மறுப்பு நியாயமானது. சூரை மீனுக்குப் போட்ட கொக்கியில் சுறா ஏறினால் அதையும் விற்கிறார்கள், அது எப்படி வீண் என்கிறார். சரி, பொதுச்சொல்லாக உடன்பிடிப்பே இருக்கட்டும். பறவைக்கும் ஆமைக்கும் வீண்பாடு. ஆறு பேர் இதற்கு இசைந்திருக்கிறார்கள், இருவர் களைத்துப்போய் இசைந்ததாகத் தெரிகிறது. ஒரே பொருளுக்கு இரு சொல் கூடாது என்று ஐயா இன்னும் நிற்கிறார். அவர் கருத்தைக் குறிப்பின் அடியில் அப்படியே போடுகிறேன். ‘பைகட்ச் என்றே விடுங்கள்’ என்ற கண்டித் தம்பிக்கு: அந்தப் பிள்ளையின் கேள்வி அந்தச் சொல்லிலிருந்து வந்திருக்காது.

அப்புறம் இன்னொன்று. பறவைகளை விரட்ட, கப்பலின் பின்னால் நாடாக்கள் தொங்கும் ஒரு கயிற்றை இழுத்துச் செல்கிறார்கள். தென் அகலக்கோடு 25 பாகைக்குத் தெற்கே, இரவில் தூண்டில் கயிறு விடுதல், அது விரைவில் தாழ எடை சேர்த்தல், இந்த நாடாக் கயிறு போன்ற தடுப்புகளை இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு கேட்கிறது. நம் மரக்கறித் தோட்டங்களில் பறவையை விரட்ட நட்டுவைக்கும் வெருளி உண்டுதானே? ‘வெருளிக்கயிறு’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் சொல்லுங்கள்.