மாரா நதிக்கரையில் 63 வண்டி. இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

பெட்டிகட்டி:
கென்யா போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பினோம். நான்கு பேர், ஏழு நாள், அதில் மாசாய் மாரா வனவிலங்கு சரணாலயத்தில் மூன்று இரவு. எட்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம், குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் இனிமேல் போகிறவர்களுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்டில் நாங்கள் போனதே வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் பெரிய மான் வகை) கூட்டம் மாரா நதியைக் கடப்பதைப் பார்க்கத்தான். காலை ஏழு மணிக்கே டிரைவர் கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ஒன்று இறங்கி வரும், தண்ணீரை முகர்ந்து பார்க்கும், என்ன தோன்றுமோ, திரும்பி ஓடும், பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஓடும். இப்படியே பதினொன்றரை ஆகிவிட்டது. இதற்குள் எங்கள் பக்கம் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின, பையன் எண்ணிக்கொண்டே வந்தான், 63 என்றான். முதல் விலங்கு தண்ணீரில் குதித்ததுதான் தாமதம், அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பிக் கரை விளிம்புக்குப் பாய்ந்தன. ஒரே புழுதி, ரேடியோ இரைச்சல், திறந்த கூரை வழியே நின்றுகொண்டு ஆளாளுக்குக் கூச்சல். கடந்து வருகிறவை மேலே ஏற வேண்டிய சரிவிலேயே நான்கு வண்டிகள் நின்றன. ஏறி வந்தவை மிரண்டு மறுபடி தண்ணீருக்குள் விழுந்தன, பின்னால் வருவது முன்னால் இருப்பதன் முதுகில் ஏறுகிறது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

இதற்கு நுழைவுக் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 200 டாலர், அதுவும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான். ஜூலைக்கு முன் போனால் அதுவே 100. என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: போகாதீர்கள்.

கழுதைப்புலி ரசிகை:
புரட்டாசி சனிக்கிழமை திருப்பதிக்குப் போய்விட்டுக் கூட்டம் நெரிகிறது, இனி யாரும் மலையேறாதீர்கள் என்று சொல்வது போல இருக்கிறது சார் இது. வருடத்தில் மிக நெரிசலான மாதம், மிக நெரிசலான இடம், இரண்டையும் நீங்களே தேடிப் போயிருக்கிறீர்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன், ஒரு முறை கூட ஆகஸ்டில் இல்லை. மாரா சரணாலயத்தை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் நபோய்ஷோ, ஓலாரே மோட்டரோகி, மாரா நார்த் என்று கன்சர்வன்சிகள் இருக்கின்றன. மாசாய் மக்கள் தங்கள் சொந்த நிலத்தைச் சேர்த்துக் குத்தகைக்கு விட்ட இடங்கள். அங்கே தங்குகிறவர்கள் மட்டும்தான் உள்ளே வர முடியும், ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்க விடமாட்டார்கள், இரவில் போகலாம், காவலர் துணையோடு நடந்தும் போகலாம். என் முதல் பயணத்தில் ஒரு கழுதைப்புலிக் குழியின் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். குட்டிகள் வந்து டயரைக் கடித்துப் பார்த்தன.

நதியில் சாவது பற்றி ஒன்று. மாராவில் வருடத்துக்குச் சராசரியாக 6,000க்கு மேல் வில்டபீஸ்ட் மூழ்கியே சாகின்றன, வண்டியே இல்லாவிட்டாலும். அந்த உடல்களை முதலை தின்பது கொஞ்சம்தான். கழுகுக்கும் மீனுக்கும் ஒரு பங்கு போகிறது, எலும்பு பல வருடம் நதியடியில் கிடந்து கரைகிறது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது என்பதற்காக எல்லாவற்றையும் வண்டிக்காரன் தலையில் கட்டாதீர்கள்.

பெட்டிகட்டி:
மூழ்கிச் சாவது இயற்கை, சரி. ஏறும் சரிவை மறித்துக்கொண்டு நான்கு வண்டி நிற்பதும் இயற்கையா மேடம்? அப்புறம் அந்தக் கன்சர்வன்சியில் ஒரு இரவுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தேன். எங்கள் மூன்று இரவுச் செலவும் அங்கே ஒரு இரவுக்குச் சரியாகப் போகும். காசு இருக்கிறவனுக்கு ஐந்து வண்டி, இல்லாதவனுக்கு 63 வண்டியா?

ஓரமா ஒருத்தன்:
பெட்டிகட்டி அண்ணா சொன்னதில் பாதிதான் சரி. கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போனாலும் தப்பு தப்புதான். 2018இல் மாராவிலேயே சிவிங்கிகளை (ஆங்கிலத்தில் சீட்டா) வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. சுற்றுலா வண்டிகள் அதிகம் வரும் பகுதியில் இருக்கும் தாய்ச் சிவிங்கி வளர்த்து ஆளாக்கும் குட்டிகள், வண்டி குறைந்த பகுதியோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். சிவிங்கி பகலில் வேட்டையாடும் விலங்கு, சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து அவை படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து இரை தேடுவது. சரியாக அந்த நேரத்தில்தான் நாம் வண்டி எடுத்துக்கொண்டு போகிறோம். பதுங்கி நகரும்போது நடுவில் ஒரு லேண்ட் க்ரூஸர் வந்து நின்றால் அன்றைக்கு அது பட்டினி, குட்டியும் பட்டினி.

(நம் செய்தித்தாள்கள் குனோ பூங்காவுக்கு வந்த சிவிங்கியை இன்னமும் சிறுத்தை என்றே எழுதுகின்றன. அது வேறு இது வேறு. இது தனி எரிச்சல்.)

பார்க்க ஆசையா, டிவியில் பாருங்கள். கேமராக்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் செல்போன் வீடியோவால் யாருக்கு என்ன லாபம்?

நைரோபிக்காரன்:
பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன், சுற்றுலாத் தொழில் கிடையாது, கணக்கு எழுதுகிறவன். எனக்கு இதில் கமிஷன் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓரமா தம்பி, எல்லோரும் டிவியில் பார்த்துக்கொண்டால் இங்கே என்ன ஆகும் என்பதற்கு முன்னோட்டம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. மாராவுக்கு வடகிழக்கே லோய்டா சமவெளி. எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வரும் பெருங்கூட்டம் வேறு, மாரா பக்கமே நிரந்தரமாக வாழ்ந்த வில்டபீஸ்ட் கூட்டம் வேறு, அதற்குக் குட்டி போடும் இடம் லோய்டாதான். அங்கே டிராக்டர் வைத்துப் பெரிய அளவில் கோதுமை போட ஆரம்பித்தார்கள். 1977இல் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த அந்தக் கூட்டம் இருபதே வருடத்தில் 22,000 அளவுக்கு வந்துவிட்டது. துப்பாக்கி இல்லை, வண்டி நெரிசல் இல்லை, வெறும் கோதுமை. நிலத்துக்காரனுக்கு மாட்டாலும் கோதுமையாலும் வருகிற காசு விலங்கால் வரவில்லை என்றால் அவன் வேலி போடுவான். அவன் இடத்தில் நீங்களும் நானும் இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

அந்தக் கன்சர்வன்சிகள் இதற்குத்தான் வந்தன. நபோய்ஷோ 2010இல் தொடங்கியது, 500க்கும் மேற்பட்ட மாசாய் நில உரிமையாளர்கள், ஏறக்குறைய 50,000 ஏக்கர். பயணி வந்தாலும் வராவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகை. 2020இல் விமானம் நின்றபோது அந்தக் குத்தகையைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது, அப்போது வேலி போட்டுவிடலாமா என்று பேசியவர்களை எனக்கே தெரியும். இன்னொன்று, மார்ஷ் பிரைட் என்ற மாராவின் புகழ்பெற்ற சிங்கக் கூட்டத்துக்கு 2015 டிசம்பரில் விஷம் வைத்தார்கள். தன் மாட்டை அடித்த சிங்கத்தின் மேல் மேய்ப்பனுக்குக் கோபம், அவ்வளவுதான் விஷயம். உலகமே டிவியில் பார்த்து உருகிய சிங்கங்கள் அவை. டிவி பார்த்தவர்கள் யாரும் அந்த மாட்டுக்குக் காசு தரவில்லை.

ஓரமா ஒருத்தன்:
அண்ணா, மாசாய் பற்றிப் பேசுவதானால் முழுசாகப் பேசுவோம். எல்லைக்கு அந்தப் பக்கம் செரெங்கெட்டிப் பூங்காவுக்காக 1959இல் அவர்களை ஊரோடு கிளப்பிப் பக்கத்திலுள்ள கொரோங்கோரோவுக்கு அனுப்பினார்கள், அங்கே எப்போதும் வாழலாம் என்று வாக்குக் கொடுத்து. இப்போது அங்கிருந்தும் பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஹண்டேனி பக்கம் அனுப்புகிறார்கள். 2022இல் செரெங்கெட்டியை ஒட்டிய லோலியண்டோவில் அரசு ஆட்கள் எல்லைக்கல் நட வந்தபோது மோதலாகி, காயம்பட்டவர்கள் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடி வந்தார்கள். "மனிதன் கால்படாத காடு" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, கால்பட்டவனை முதலில் விரட்டிவிட்டுத்தான் போடுகிறார்கள். உங்கள் சுற்றுலாக் காசுதான் அந்த விரட்டலுக்கும் காரணம், குத்தகையை மட்டும் சொல்கிறீர்கள்.

நைரோபிக்காரன்:
இதில் உன்னோடு எனக்குச் சண்டையே இல்லை. தான்சானியாவில் நடப்பது அநியாயம்தான். அதனால்தான் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துப் போகச் சொல்கிறேன். எங்கேயும் போகாதே என்றால் முதலில் அடி விழுவது நிலத்தைத் தன் பெயரில் வைத்துக் குத்தகைக்கு விட்டிருக்கிற மாசாய் வீட்டில்தான், எல்லைக்கல் நட்டவர்கள் வீட்டில் இல்லை.

கால்படாத காடு என்றதும் ஞாபகம் வருகிறது. 1961 வாக்கில் செரெங்கெட்டி வில்டபீஸ்ட் மொத்தமே இரண்டரை லட்சம்தான். மாட்டு வெக்கை நோய் வில்டபீஸ்ட்டையும் கொன்றுகொண்டிருந்தது. சுற்று வட்டார ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் இங்கேயும் நோய் நின்று, 70களின் கடைசிக்குள் பதின்மூன்று லட்சத்தைத் தொட்டது. நாம் வாய்பிளந்து பார்க்கும் பெருங்கூட்டம் பாதிக்கு மேல் மாட்டு டாக்டர் புண்ணியம்.

ஸ்டியரிங் சாமி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சண்டைக்கு ஒரே மருந்து தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா. ஜோகன்னஸ்பர்க்கில் சாதாரணக் கார் வாடகைக்கு எடுத்தோம், நம்மைப் போலவே அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டவேண்டும், நாங்களே ஓட்டிக்கொண்டு போனோம். தார் ரோட்டில் 50 கிலோமீட்டர், மண் ரோட்டில் 40, அதற்கு மேல் போனால் அபராதம், காரை விட்டு இறங்கக் கூடாது, கேட் மூடும் நேரத்துக்குள் முகாமுக்கு வந்துவிட வேண்டும். ரோட்டை விட்டு இறங்கி விலங்கைத் துரத்த வழியே கிடையாது, அது ரோட்டுப் பக்கம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. முதல் நாள் முழுக்க இம்பாலா மான் தவிர ஒன்றும் கிடையாது, மாமியார் தூங்கியே விட்டார். மறுநாள் சதாரா பக்கம் ஒரு ஆண் யானை எங்கள் காருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் ரோட்டை விட மறுத்தது, பின்னாலேயே வந்தேன், ரிவர்ஸ் கியரில் நான் அவ்வளவு தூரம் வாழ்க்கையில் போனதில்லை.

கழுதைப்புலி ரசிகை:
சாமி, ஸ்குகூஸாவிலிருந்து லோயர் சபீ போகிற ரோட்டில் ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருந்தால் அங்கேயும் நாற்பது கார் நிற்கும். நானே நின்றிருக்கிறேன். ஆனால் ஓட்டுபவர் நீங்கள் என்பதால் திட்டுவதற்கு டிரைவர் இல்லை, அது ஒரு சௌகரியம்.

டிரைவர் என்றதும் பெட்டிகட்டி சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். மாராவில் விதி எல்லா டிரைவருக்கும் தெரியும். ஐந்து வண்டி, காத்திருப்பவர்கள் இருந்தால் பத்து நிமிடம், தூரம் விட்டு நிற்கவேண்டும். தெரிந்தே ஏன் மீறுகிறார்கள்? பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்து பெரிய விலங்கு என்று பட்டியல் வைத்துக்கொண்டு இன்னும் காண்டாமிருகம் பாக்கி, சிறுத்தை பாக்கி என்று உயிரை எடுக்கிறார்கள். அந்தப் பட்டியலே வேட்டைக்காரன் போட்டது, நடந்து போய்ச் சுடுவதற்குச் சிரமமான ஐந்து என்பதுதான் கணக்கு. ஒட்டகச்சிவிங்கி அதில் இல்லாததற்குக் காரணம் புரிகிறதா? டிரைவரின் மாத வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ். தள்ளி நிறுத்துகிற டிரைவருக்குக் குறைவான டிப்ஸும் ஒரு நட்சத்திர விமர்சனமும் கிடைக்கிறது. உங்கள் டிரைவரிடம் அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?

பெட்டிகட்டி:
இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன். போ போ என்றுதான் சொன்னேன். நான்கரை மணி நேரம் காத்திருந்த பிறகு முன்னால் ஒருவன் மறைத்தால் வேறு என்ன வாயில் வரும்? டிரைவர் ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். போலே போலே என்றார், மெதுவாக என்று அர்த்தமாம். நான் கேட்கவில்லை.

அதற்காக நான் எழுதியது பொய்யாகிவிடாது. என்னைப் போன்ற ஆள் அங்கே போனால் இப்படித்தான் ஆவான் என்பதற்கும் அது சாட்சிதானே. பிப்ரவரியில் தெற்கே தான்சானியாவின் நிடூட்டுவில் வில்டபீஸ்ட் குட்டி போடுகிற சமயம் நன்றாக இருக்கும் என்று மனைவி இப்போதே படிக்க ஆரம்பித்திருக்கிறாள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

ஓரமா ஒருத்தன்:
நிடூட்டுவில் பல இடத்தில் தடம் விட்டு வண்டி ஓட்டலாம் அண்ணா. நதி இருக்காது, அதற்குப் பதில் ஒரு சிவிங்கியைச் சுற்றி வட்டமாக நிற்பீர்கள். சொல்லிவிட்டேன்.

நைரோபிக்காரன்:
போவதானால் வழிகாட்டியைக் கேட்டு எடுங்கள். கென்யாவில் வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைத் தேர்வு வைக்கிறது, வெள்ளிக்கு மேல் என்றால் விலங்கு என்ன செய்யப்போகிறது என்று படிக்கத் தெரிந்தவராக இருப்பார். கிளம்பும்போதே "தள்ளி நின்றால் போதும், டிப்ஸ் குறையாது" என்று சொல்லிவிடுங்கள், அவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னொரு உதவி. அந்தச் சரிவில் நின்ற நான்கு வண்டியின் எண் உங்கள் பையன் எடுத்த படத்தில் தெரிகிறதா? நதிக்கு மேற்கே மாரா முக்கோணத்தில் ரேஞ்சர்கள் இதற்கு அபராதம் போடுகிறார்கள். எந்தப் பக்கம் நடந்தது என்று சொல்லுங்கள், யாரிடம் புகார் கொடுப்பது என்று நான் விசாரிக்கிறேன்.

பெட்டிகட்டி:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்று வண்டியின் எண் நன்றாகத் தெரிகிறது. நான்காவது படத்தில் வராது, பையன் அதற்குள்ளிருந்துதான் எடுத்தான்.

நைரோபிக்காரன்:
சரி. நான்கையும் அனுப்புங்கள்.