மெனுவில் 'ஏ' அடித்தால் திரை நிற்காமல் ஓடுகிறது

புதுக்கை: சி மொழியில் ஒரு மெனு ப்ரோக்ராம். தட்டுவதை வாங்கும் ஸ்கேன்எஃபில், எண் வேண்டும் என்று பர்சன்ட் டி கொடுத்திருக்கிறேன். எண்ணுக்குப் பதில் 'ஏ' அடித்தால் மெனு ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ட்ரோல் சி தட்டினால்தான் நிற்கிறது. ஸ்டாண்டர்ட் இன்புட்டை, அதாவது விசைப்பலகை உள்ளீட்டை, எஃப்ஃப்ளஷ் பண்ணி மிச்சத்தைத் துடைக்கச் சொன்னார்கள். பழைய டர்போ சி கம்பைலரில் சரியாகிறது, லினக்ஸில் ஆகவில்லை.

கருந்திரை: பர்சன்ட் டி-க்கு எண்தான் வேண்டும். 'ஏ'யைத் தொடாமல், தட்டியது காத்திருக்கும் பஃபரிலேயே விட்டுவிட்டு 0 திருப்பித் தரும். அடுத்த சுற்றிலும் அதே 'ஏ' முன்னால் நிற்கும். எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கு உரியது. உள்ளீட்டில் என்ன ஆகும் என்று சி தரநிலை சொல்லவே இல்லை. தம்பி, எஃப்கெட்ஸில் ஒரு வரியை முழுதாக வாங்கி, அப்புறம் எஸ்ஸ்கேன்எஃபில் பிரி. ஸ்கேன்எஃபைத் தலைமுழுகிவிடு.

பழையவன்: தலைமுழுக அது என்ன பாவம் செய்தது? திருப்பித் தரும் மதிப்பைப் பார்க்காதது யார் தப்பு? 1 வராவிட்டால் ஒவ்வோர் எழுத்தாக எடுக்கும் கெட்சார் வைத்து வரிக்கடைசி வரை தின்னச் சொன்னால் போச்சு. எஃப்கெட்ஸ் மட்டும் யோக்கியமா? 80 இடம் ஒதுக்கி 100 எழுத்து அடித்தால் 79 போக மிச்சம் அடுத்த வரி மாதிரி வந்து நிற்கும்.

கருந்திரை: ஐயா, பயனர் வெறும் என்டர் தட்டினால்? 'என்டர் என்றால் பழைய மதிப்பே இருக்கட்டும்' என்று எழுதிப் பாருங்கள். பர்சன்ட் டி அந்த என்டரையும் வெற்றிடமாக விழுங்கிவிட்டுக் காத்துக்கிடக்கும். அதற்கு வரி என்றால் என்னவென்றே தெரியாது.

பழையவன்: அது சரி, ஒப்புக்கொள்கிறேன். மனிதர் தட்டுவதற்கு அது தோதில்லை. ஒரே அமைப்பில் வரும் கோப்புக்கு இன்னமும் அதைத்தான் வைப்பேன்.

ஓரமாய்_ஒருவன்: சொல்லை வாங்கும் பர்சன்ட் எஸ்-ஸுக்கு அகலம் கொடுக்காமல் விட்டால், அதுவும் இடம் போதுமா என்று பார்க்காமல் வரியை வாங்கும் கெட்ஸும் ஒன்றுதான். 1988இல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று கெட்ஸ். 2011 தரநிலையில் அதை நீக்கியே விட்டார்கள். இன்னொன்று, எஸ்ஸ்கேன்எஃப் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. தேதிக்குப் பர்சன்ட் ஐ போட்டிருந்தேன். 07/06 வரை ஒழுங்கு. 08/06 அடித்ததும் கவிழ்ந்தது. 0-வில் தொடங்கினால் பர்சன்ட் ஐ-க்கு அது ஆக்டல், அதாவது எட்டடிமான எண், அதில் 8 கிடையாது. 0-வை மட்டும் எடுத்துக்கொண்டது. சாய்கோடு வரவேண்டிய இடத்தில் 8 நின்றது.

புதுக்கை: எஃப்கெட்ஸுக்கு மாற்றிவிட்டேன், 'ஏ'க்கு ஒருமுறைதான் திட்டுகிறது. ஆனால் '5ஏபி' அடித்தால் 5 என்று எடுத்துக்கொள்கிறதே?

கருந்திரை: அதற்கு, எழுத்துகளை எண்ணாக்கும் ஸ்ட்ர்டோல். எங்கே நின்றது என்று சுட்டி (பாயிண்டர்) தரும். 5-க்கு அப்புறம் வரிமுடிவைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் அந்த வரியையே தள்ளிவிடு.