கணிதப் பட்டதாரி சமூகப்பணிக்கு வரலாமா?

திண்டுக்கல் மாணவி:
வணக்கம். இளங்கலைக் கணிதம் முடித்திருக்கிறேன். நூற்பாலை வேலைக்காகப் பள்ளியை விட்டு நின்ற என் தோழியின் வீட்டுக்கு மூன்று மாதம் விடாமல் வந்து, அவள் பெற்றோரிடம் பேசி, அவளைத் திரும்பப் பள்ளியில் சேர்த்த ஒரு அக்காவைப் பார்த்ததிலிருந்து எனக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்க வேண்டும் என்றிருக்கிறது. "சேவை செய்யப் பட்டம் எதற்கு? பி.எட். படி" என்கிறார் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது?

குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்:
தங்கைக்கு வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. சேர எந்த இளங்கலைப் பட்டமும் போதும். சென்னையில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் முதல் கோவை, திருச்சி, மதுரைக் கல்லூரிகள் வரை பல இடங்களில் இப்படிப்பு உண்டு.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அதன்பின் குழந்தை வீடு திரும்புவதா, குழந்தைகள் காப்பகத்தில் தங்குவதா என்று குழு முடிவெடுக்கும்போது, எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கே சென்று விசாரித்து எழுதும் சமூக ஆய்வறிக்கையைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது. குடும்பத்தின் கடன், தந்தையின் குடி, பாட்டியின் உடல்நிலை என எதைக் கேட்காமல் விட்டாலும் அந்த முடிவு பிழையாகலாம். இரக்கம் மட்டும் இதற்குப் போதாது, பயிற்சி வேண்டும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெரும்பாலான பணியிடங்கள் ஒப்பந்தமும் தொகுப்பூதியமும்தான். பணி நிரந்தரம் இல்லாத அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தொழிலாளர் நல அலுவலர்:
வேறு வழிகளும் உள்ளன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது; 2025-இல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்திலும் இந்தப் பணி உண்டு. உங்கள் தோழியைப் போன்ற பெண்களின் குறைகளை ஆலைக்குள்ளிருந்தே கேட்கும் பொறுப்பு அது. மனநலத் துறையில் விருப்பம் இருந்தால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு உளநல சமூகப்பணியில் மேற்பயிற்சி பெறும் வழியும் உண்டு.

திண்டுக்கல் மாணவி:
மிக்க நன்றி. சேர்வதற்கு முன்பே களத்தைப் பார்க்க முடியுமா?

குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்:
அவசியம் பாருங்கள். அருகிலுள்ள தொண்டு நிறுவனத்தில் ஒரு மாதம் தன்னார்வலராகச் சேர அனுமதி கேளுங்கள். ஒரே வீட்டுக்கு நான்காவது முறையும் போய், கதவு திறக்காமல் திரும்பும் நாளில், ஐந்தாம் முறை போக மனம் வருகிறதா என்று கவனியுங்கள். அதன்பின் விண்ணப்பப் படிவத்தை வாங்கலாம்.