பசங்க ரோபோவை இன்ஜினியர்கள் கட்டலாமா?

டெட்ராய்ட்_அப்பா:
மகன் பத்தாவது படிக்கிறான், எஃப்.ஆர்.சி. என்ற பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டிக்குப் போகும் பள்ளி அணியில் இருக்கிறான். ஜனவரியில், ரோபோ இந்த வருஷம் ஆட வேண்டிய விளையாட்டை அறிவித்த மறுவாரமே, அணிக்கு வழிகாட்டும் மெண்டர்களில் கார் கம்பெனி இன்ஜினியர்கள் இரண்டு பேர், ரோபோவின் முழு கேட் (CAD) மாடலையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொண்டுவந்துவிட்டார்கள். பசங்களுக்கு மிஞ்சியது துளை போடுவதும் போல்ட் முறுக்குவதும்தான். போட்டியில் ஜட்ஜ் பிட்டுக்கு, அதாவது அணி ரோபோவைப் பழுது பார்க்கும் இடத்துக்கு வந்து, இந்த கியர் விகிதத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், இவன் திரும்பி மெண்டர் முகத்தைப் பார்க்கிறான். ரோபோ நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அது யாருடைய ரோபோ?

கியர்பாக்ஸ்:
நான் வேறொரு அணியின் மெண்டர். இதை அறிவியல் கண்காட்சி மாதிரி பார்க்காதீர்கள் சார். டீன் கேமன் 1989ல், எஃப்.ஆர்.சி.யை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கியதே, பிள்ளைகள் விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுகிற மாதிரி இன்ஜினியர்களையும் கொண்டாட வேண்டும் என்றுதான். எஃப்.ஆர்.சி.யில் பெரியவர்கள் ரோபோவில் கை வைக்கக் கூடாது என்று விதியே கிடையாது. வடிவமைப்பு, ப்ரோக்ராமிங் எல்லாம் மாணவர்களே செய்ய வேண்டும் என்று கறாராக இருப்பது வெக்ஸ் என்ற வேறொரு ரோபோ போட்டி. அதுதான் வேண்டும் என்றால் அங்கே சேர்த்துவிடலாமே.

டெட்ராய்ட்_அப்பா:
விதி இல்லை, சரி. ஆனால் வீட்டில் ராத்திரி வரைந்து காலையில் ஃபைலை அனுப்பினால் பிள்ளை எந்த இன்ஜினியரைப் பார்த்தான்? தப்பாக வரைந்து அழித்ததையும், செயினை விட்டு பெல்ட்டுக்குப் போனதையும் அவன் பார்க்கவே இல்லையே.

முன்னாள்_டிரைவர்:
நான் பள்ளியில் இருந்தபோது ரோபோ ஓட்டியவள். ஒரு மேட்ச் நடுவில் ரோபோ செத்துவிட்டது. எங்கள் எலெக்ட்ரிக்கல் மெண்டர் பிட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஸ்பானரைத் தொடவே இல்லை. "லாக்ல (ரோபோ ஓடும்போது பதிவாகும் விவரம்) வோல்டேஜ் எங்க விழுது பாரு" என்றார், அப்புறம் "பேட்டரி வயரைப் பிடிச்சு இழுத்துப் பாரு" என்றார். இழுத்தேன், டெர்மினல் போல்ட் லூசாகி, வயர் முனையில் இருந்த லக் (உலோக வளையம்) அப்படியே சுற்றியது. ஆனால் அதே மனிதர்தான் ரோபோவை ஓட்டும் ப்ரோக்ராமில் பாதியைத் தானே எழுதினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி ஏன் ஏன் என்று நச்சரித்தேன். இரண்டிலும் கற்றுக்கொண்டேன். அதனால் யார் கை பட்டது என்று மட்டும் பார்ப்பது போதாது என்பேன்.

கியர்பாக்ஸ்:
இதைத்தான் சொல்ல வந்தேன். இன்னொன்று, நேரம். மார்ச்சில் முதல் போட்டி வந்துவிடும். நகரவே நகராத ரோபோவோடு பிட்டில் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பலர் அடுத்த வருஷம் திரும்பி வரவில்லை.

டெட்ராய்ட்_அப்பா:
நேரம் என்பதை ஏற்க மாட்டேன். முன்பெல்லாம் ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவைப் பையில் போட்டு சீல் வைக்க வேண்டும், அந்த விதியை 2020லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு போட்டிகளுக்கு நடுவிலும் திருத்தலாம். முதல் போட்டியில் தோற்றால் தோற்கட்டும். அடுத்த மீட்டிங்கில் நான் கேட்கப்போவது இதுதான்: கேட் ஃபைல் பள்ளி கம்ப்யூட்டரில் மட்டும் இருக்க வேண்டும், மவுஸ் பசங்க கையில் இருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ்:
ஃபைல் பள்ளியில் இருக்கட்டும், அதற்கு நான் சம்மதிப்பேன். மவுஸை முழுசாகக் கொடுக்க மாட்டேன். கியர்பாக்ஸை முதல் தடவை நான்தான் வரைவேன், பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும்.

முன்னாள்_டிரைவர்:
முதல் தடவை நீங்கள், சரி அண்ணா. இரண்டாவது தடவை?